‘தன்னிச்சை’ சரியா? ஆதாம் ஏவாள் சிக்கலுக்கு வேண்டிய சொற்கள்

வணக்கம். சமய மெய்யியல் கலைச்சொல் பட்டியலில் இரண்டு சொற்கள் முடிவாகவில்லை. கனியை உண்பார்கள் என்று கடவுளுக்கு முன்பே தெரியுமானால், ஆதாமும் ஏவாளும் தாமாகத்தான் உண்டார்கள் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியின் இரு முனைகளுக்கும் சொல் வேண்டும். மனிதர் பக்கத்துக்குத் ‘தன்னிச்சை’ என்றும் கடவுள் பக்கத்துக்கு ‘முன்னறிவு’ என்றும் எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

* * *

ஐயா, முன்னறிவு இருக்கட்டும். தன்னிச்சை வேண்டாம்.

‘அதிகாரி தன்னிச்சையாக முடிவெடுத்தார்’ என்றால் யாரையும் கேளாமல், முறை மீறி எடுத்தார் என்றுதான் படிப்பவர் கொள்வார். சொல்லிலேயே குற்றச்சாட்டு ஏறிவிட்டது. அதைவிடப் பெரிய இடைஞ்சல் ஆதியாகமம் 3:6இல் இருக்கிறது. மரம் ‘புசிப்புக்கு நல்லதும், பார்வைக்கு இன்பமும், புத்தியைத் தெளிவிக்கிறதற்கு இச்சிக்கப்படத்தக்க’துமாய் இருக்கிறது ‘என்று கண்டு’ ஏவாள் பறிக்கிறாள். இச்சை என்பது இங்கே மரம் இழுக்கும் இழுப்பு. அந்த இழுப்புக்கு இணங்குவதா மறுப்பதா என்பது ‘கண்டு’வுக்கும் ‘பறித்து’க்கும் நடுவே நடக்கிறது. நமக்குப் பெயர் வேண்டியது இந்த நடுவில் நடப்பதற்குத்தான். இரண்டையும் இச்சை என்றே அழைத்தால், ஏவாள் இச்சைக்கு இணங்காமல் இருந்திருக்க முடியுமா என்ற கேள்வியே குழம்பிப்போகும்.

‘தெரிவு’ என்ற சொல்லும் முன்பு வந்தது. இலங்கை வழக்கில் நன்றாக ஊன்றிய சொல். ஆனால் தெரிதல் அறிதலுக்கும் ஆகும், தேர்தலுக்கும் ஆகும். 1 பேதுரு 1:2இல் ‘முன்னறிவின்படியே’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘தெரிந்துகொள்ளப்பட்ட’ என்று வருகிறது, பொருள், தேர்ந்தெடுக்கப்பட்ட. கடவுள் அறிந்தாரா, தேர்ந்தாரா என்பதே வழக்காக இருக்கும்போது, இரண்டையும் ஒரே வேரில் கட்டும் சொல் வழக்குக்குத் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடும்.

‘விருப்புரிமை’யிலும் உரிமை பொருந்தவில்லை. கனியை உண்ணாதே என்று கட்டளையிடும் ஆதியாகமம் 2:17 அந்த உரிமையைத்தான் மறுக்கிறது. ஆதாமிடம் இருந்தது இயலுமை. ஆகவே என் முன்மொழிவு: தேர்வாற்றல். இந்த வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘ஆதாமுக்கு அந்தக் கனியை உண்ணும் உரிமை இல்லை; உண்ணவும் உண்ணாதிருக்கவும் தேர்வாற்றல் இருந்தது.’ பட்டியலில் உள்ள வேறு எந்தச் சொல்லை இட்டாலும் இந்த வாக்கியம் நிற்காது.

* * *

தேர்வு என்றால் பரீட்சை நினைவுக்கு வருமே என்று முதலில் தயங்கினேன். ஆற்றலோடு சேரும்போது அந்த நினைப்பு விலகிவிடுகிறது. ‘சுயசித்தம்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல் என்று சிலர் கேட்கலாம். பிரசங்கங்களில் அது தேவசித்தத்துக்கு எதிராக நிற்கும் பிடிவாதத்தைக் குறிக்கிறது, நடுநிலையான கலைச்சொல்லாகாது. தேர்வாற்றலுக்கு என் ஒப்புதல்.

முன்னறிவை மட்டும் அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. அதிலுள்ள ‘முன்’ காலத்தைக் குறிக்கிறது என்று கொண்டால், கடவுளும் நம்மைப் போலக் காலத்துக்குள் நின்று நாளையை எட்டிப் பார்ப்பதாக ஆகும். 6ஆம் நூற்றாண்டில் ரோம மெய்யியலாளர் போயத்தியசு இதைத்தான் மறுத்தார். கடவுளுக்கு எல்லாக் காலமும் ஒருசேர நிகழ்காலமாக நிற்கிறது. ஆகவே அதை முன்கூட்டிப் பார்த்தல் என்பதைவிட உயரத்தில் நின்று நோக்குதல் என்பதே தகும் என்றார். தமிழில் நமக்கு ஒரு நற்பேறு: ‘முன்’ இடத்தையும் குறிக்கும். கண்முன் நிற்பதை அறிவதும் முன்னறிவுதான். இரு கொள்கையாரும் இதே சொல்லைப் பயன்படுத்தலாம். விளக்கக் குறிப்பில் இரு பொருளையும் தர வேண்டும்.

முன்குறித்தலை, அதாவது கடவுள் முன்கூட்டியே தீர்மானிப்பதை, இதனோடு சேர்க்கவே கூடாது. ரோமர் 8:29 ‘முன்னறிந்தாரோ’, ‘முன்குறித்திருக்கிறார்’ என்று இரண்டு வினைகளாகவே தருகிறது. பட்டியலில் ‘முன்குறிப்பு’ என்று சுருக்கினால் நூலின் தொடக்கத்தில் வரும் குறிப்பு என்று படிப்பார்கள். தொழிற்பெயராகவே இருக்கட்டும்.

* * *

இரண்டு சொல்லும் சரி. ஆனால் எடுத்துக்காட்டு வாக்கியம் தவறினால் சொல் சரியாக இருந்தும் பயனில்லை. வரைவில் ‘கடவுள் அறிந்திருந்தால் ஆதாம் உண்டே தீர்வான்’ என்று இருக்கிறது. ‘தீர்வான்’ உண்ணும் வினையோடு ஒட்டிக்கொண்டதால், ஆதாமுக்கு வேறு வழியே இல்லை என்று ஆகிவிட்டது. அறிவிலிருந்து கிடைக்கும் உறுதி அவ்வளவு தூரம் போகாது. ‘கடவுள் அறிந்திருந்தால் ஆதாம் உண்பான் என்பது பொய்க்காது’ என்று எழுதுங்கள். உறுதி இப்போது முழு வாக்கியத்தின் மேல் நிற்கிறது. உண்ணும் செயலின் மேல் இல்லை. ஒருவர் நடக்கிறார் என்று நீங்கள் அறிந்தால் அவர் நடப்பது உறுதி, ஆனால் உங்கள் அறிவு அவர் காலை நகர்த்தவில்லை. இதுவும் போயத்தியசு தந்த எடுத்துக்காட்டே. செயலின் மேல் ஏறும் உறுதியை ‘நிகழ்வுறுதி’ என்றும் முழு வாக்கியத்தின் மேல் நிற்கும் உறுதியைத் ‘தொடர்புறுதி’ என்றும் பட்டியலில் சேர்க்கலாம்.

இதனால் சிக்கல் முழுதும் அவிழ்ந்தது என்று குறிப்பில் எழுதிவிடக் கூடாது. நேற்றே கடவுள் அறிந்துவிட்டார், நேற்றை யாராலும் மாற்ற முடியாது என்ற வாதம் அப்படியே நிற்கிறது. அதற்குக் ‘கடந்ததன் மாறாமை’ என்று தனிப் பதிவு தேவை.

விடுபட்ட இன்னொன்று: ‘சர்ப்பம் பேசாதிருந்தால் ஏவாள் பறித்திருப்பாளா?’ என்பதற்கும் கடவுளுக்கு விடை தெரியும் என்ற கொள்கை. ஸ்பானிய இறையியலாளர் லூயிஸ் தெ மோலினா 1588இல் வெளியிட்டது. நேர்ச்சொல் ‘இடையறிவு’, ஆனால் எதற்கு இடை என்று தமிழில் விளங்காது. 1 சாமுவேல் 23:11–12ஐப் பாருங்கள்: கேகிலா ஊரார் தன்னைச் சவுலிடம் ஒப்புக்கொடுப்பார்களா என்று தாவீது கேட்கிறான், ஒப்புக்கொடுப்பார்கள் என்று விடை வருகிறது, அவன் ஊரைவிட்டுப் போகிறான், அது நடக்கவே இல்லை. ‘-இருந்தால்’ என்ற நிபந்தனையில் தொங்கும் அறிவு. ‘நிபந்தனையறிவு’ என்று முதலிலும், ‘இடையறிவு’ என்று மாற்றுச் சொல்லாகவும் பதியுங்கள்.