வாசனை மெழுகுவர்த்தி நடுவில் மட்டும் குழியாகி அணைந்துபோகிறது, உதவுங்கள்

மொட்டைமாடி_கவி: ஜாடியில் வரும் லாவெண்டர் மெழுகுவர்த்தி. திரியைச் சுற்றி மட்டும் கிணறு மாதிரி இறங்கிவிட்டது, ஓரத்து மெழுகு அப்படியே நிற்கிறது. சுடர் பட்டாணி அளவுக்குச் சுருங்கிப் பத்து நிமிடத்தில் அணைகிறது. மாலை விருந்தாளிகள் வருகிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள்.

வேப்பம்பூ: ஜாடி எவ்வளவு அகலம்? திரி ஒன்றா இரண்டா? முதல் தடவை எவ்வளவு நேரம் எரியவிட்டீர்கள்?

சாம்பிராணி_ரசிகன்: பாரஃபின் மெழுகாகத்தான் இருக்கும். பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது. சோயா மெழுகில் செய்தது வாங்குங்கள்.

பழைய_புலி: இதை இங்கே எத்தனை தடவைதான் எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. முதல் தடவை ஏற்றினால் மேல்மெழுகு ஓரம்வரை உருகாமல் அணைக்கக் கூடாது, ஓர் அங்குல அகலத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. அதற்காக ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டிவிட்டு ஏற்றவும்.

வேப்பம்பூ: புலி அண்ணா, இங்கே திரி மெழுகில் மூழ்கிக் கிடக்கிறது. இன்னும் வெட்டினால் பற்றவே பற்றாது. கவி, உருகின மெழுகில் கொஞ்சத்தைப் பழைய கரண்டியால் எடுத்துவிடுங்கள், சிங்க்கில் மட்டும் கொட்டாதீர்கள், உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும். பிறகு சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை ஜாடி வாயில் குடை மாதிரி கவிழ்த்து, நடுவில் சுடர் மூச்சுவிட ஓட்டை வையுங்கள். சூடு உள்ளேயே நின்று ஓரம் இளகும். பக்கத்திலேயே இருங்கள், தாள் சுடும், எடுக்க இடுக்கி வேண்டும்.

சாம்பிராணி_ரசிகன்: இவ்வளவு பாடுபட்டு எதற்கு? இரண்டு கங்கு, ஒரு சிட்டிகை சாம்பிராணி, வீடே மணக்கும். இந்தத் திரிகளில் ஈயக் கம்பி வேறு.

பழைய_புலி: ஈயத் திரியை அமெரிக்காவில் 2003-லேயே தடை செய்தாயிற்று. உங்கள் சாம்பிராணிப் புகை மட்டும் நுரையீரலுக்கு அமிர்தமோ? சோயாவும் காற்றில் ஆடினால் கரி கக்கும்.

சாம்பிராணி_ரசிகன்: எங்கள் பாட்டி தொண்ணூறு வயதுவரை தினமும் போட்டவர்.

பழைய_புலி: அது சான்று இல்லை, பாட்டி கதை.

வேப்பம்பூ: சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கவி, ஃபேன் ஓடுகிறதா?

மொட்டைமாடி_கவி: மூன்று அங்குலம், ஒரு திரி. முதல் தடவை போட்டோ எடுக்க இருபது நிமிடம் ஏற்றினேன். ஃபேன் ஓடாமல்? சென்னையில், மே மாதத்தில்?

வேப்பம்பூ: அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது. ஃபேனை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் காற்று படாத மூலைக்கு நகர்த்துங்கள், திரைச்சீலைப் பக்கம் வேண்டாம்.

மொட்டைமாடி_கவி: தாள் வேலை செய்தது, முக்கால் மணி நேரத்தில் ஓரம்வரை உருகிவிட்டது. ஃபேனை நிறுத்தியதும் விருந்தாளிகள் எல்லாரும் மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள். நன்றி.