நிலைக்கால் அடி அறுப்பு (நம்ம குடும்பம் குழு)

[காலை 8:12] கார்த்தி: மாமா, பெரியத்தை வீட்டு பாத்ரூம் நிலைக்கால் அடியில 5 இஞ்சுக்கு உளுத்துப் போச்சு. தேக்கு, 4க்கு 3. கீல் இல்லாத பக்கம். நிலையைப் பேக்காம மல்டி டூல்ல (பிளேடு ஆடி அறுக்குற கை மெஷின்) அடியை மட்டும் அறுத்து புதுக்கட்டை சேர்க்கப் போறேன். 18 வோல்ட் மெஷின். அரை இஞ்சு இறங்குறதுக்குள்ள பிளேடு கறுத்து புகை வருது. போட்டோ போட்டிருக்கேன்.

[8:20] செல்வம் மாமா: கோடு உளுத்த இடத்துலயே ஓடுதேப்பா. முதல்ல அதை மாத்து. ஸ்க்ரூ டிரைவர் நுனியால குத்திக்கிட்டே மேல போ. நுனி இறங்காம டக்குனு நிக்கிற இடத்துல இருந்து இன்னும் 2 இஞ்சு மேல கோடு போடு.

[8:22] செல்வம் மாமா: ஏன்னா இந்த மெஷின் சுத்துறது இல்ல, ஆடுறது. மொத்த ஆட்டமே 3, 4 டிகிரிதான். பல் நுனி சுமாரா 4 மி.மீ. போய் வரும், அவ்வளவுதான். ஊறிப்போன மரம் பஞ்சு மாதிரி பல்லோட சேர்ந்து ஆடுமே ஒழிய அறுபடாது. ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு வெட்டுற மெஷினும் இதே ஆட்டம்தான். கட்டு கெட்டி, அறுபடுது. தோல் பல்லோடவே அசையுது, தப்பிச்சுக்குது.

[8:25] தேவி அக்கா: புகைக்கு வேற காரணமும் இருக்கு கார்த்தி. பிளேடை நேரா வச்சு அழுத்தியிருக்க. 32 மி.மீ. அகலமும் ஒரே நேரத்துல மரத்துல உக்காந்தா தூள் வெளிய வர வழி ஏது? பல் இடுக்குலயே அரைபட்டு சூடேறும். கையை லேசா இடது வலதா சாய்ச்சு, ஒரு ஓரம் மட்டும் கடிக்கிற மாதிரி ஓட்டு. 5 மி.மீ. இறங்கினதும் பிளேடை வெளிய எடுத்து தூளைக் கொட்ட விடு.

[8:26] தேவி அக்கா: தூளைக் கையில எடுத்துப் பாரு. மரத்து நிறத்துல நறநறன்னு வந்தா வெட்டு சரி. காபிப் பொடி நிறத்துல மாவா வந்தா பல்லு மழுங்கிடுச்சு, இல்ல அழுத்தம் ஜாஸ்தி.

[8:31] கார்த்தி: காபிப் பொடியேதான் அக்கா. வேகம் 6ல இருந்துச்சு. பிளேடு மெஷினோட வந்த மரப் பிளேடு. ஓரத்துல நாலஞ்சு பல்லு இல்ல.

[8:36] முருகேசன் சித்தப்பா: அப்போ ஆணியில பட்டிருக்கு. அது சாதா ஸ்டீல் பிளேடு, சுத்தமான மரத்துக்கு மட்டும்தான் ஆகும். பழைய நிலைக்கு பைமெட்டல் எடு, ஆணி பட்டாலும் தாங்குற ரெட்டை உலோகப் பிளேடு. 2 வாங்கி வச்சுக்கோ. தேக்கு கறுத்தா வேகத்தை 4க்கு இறக்கு.

[8:38] முருகேசன் சித்தப்பா: பிளேடு வாங்கும்போது மெஷின்ல பிளேடு மாட்டுற வாயைப் பாத்து வாங்கு. பாஷ், ஃபைன் கம்பெனிங்க சேர்ந்து 2016ல கொண்டு வந்த ஸ்டார்லாக் வாய் குமிழ் மாதிரி இருக்கும். அந்த மெஷின்ல பழைய தட்டை பிளேடு உக்காராது. மாட்டுறப்ப பேட்டரியைக் கழட்டிடு. இப்போதான் அறுத்து எடுத்த பிளேடை வெறுங்கையால தொடாத, சுட்டுடும்.

[8:44] கார்த்தி: சரி சித்தப்பா. மாமா, பிளேடு 50 மி.மீ. ஆழம்தான் போகும். மரம் செவுத்துப் பக்கமா 75 இருக்கே?

[8:52] செல்வம் மாமா: பரவாயில்ல. கதவு திறக்குற முகத்துல கோட்டைச் சாய்வா போடு, பாத்ரூம் பக்கம் 1 இஞ்சு தாழ. மட்டமா வெட்டினா தெறிக்கிற தண்ணி மூட்டுக்குள்ள ஊறும், 2 வருஷத்துல திரும்ப உளுக்கும். சாய்வா இருந்தா தண்ணி மேல ஏற முடியாது.

[8:53] செல்வம் மாமா: கோட்டை ஒட்டிக் கீழ 1 இஞ்சு ரீப்பர் (மெல்லிசான மரச்சட்டம்) ஒண்ணை 2 சின்ன ஆணியில அடிச்சுக்கோ. அங்க அந்த 2 இஞ்சு நல்ல மரம் இருக்குல்ல, ஆணி பிடிக்கும், எப்படியும் அறுத்துப் போடப் போற பகுதிதான். பிளேடை ரீப்பர் மேல படுக்க வச்சு ஓட்டினா கோடு அலையாது. முதல்ல கோடு முழுக்க 2 மி.மீ. கீறல் போட்டுட்டு அப்புறம் ஆழம் போ. 50 முடிஞ்சதும் மிச்சத்தை ரூம் பக்கமும் பாத்ரூம் பக்கமும் இருந்து அறு.

[8:55] செல்வம் மாமா: செவுத்தை ஒட்டின கடைசி 5 மி.மீ. மெஷின் வேண்டாம், உளி. கலவையில பட்டா பைமெட்டல் பல்லும் தேஞ்சு போகும். பொறி பறந்தா ஹோல்டுபாஸ்ட் (நிலையைச் செவுத்தோட பிடிக்கிற இரும்புப் பட்டை), உடனே நிறுத்திட்டு கோட்டை நகர்த்து. அடித்துண்டை உளியால பொளந்து எடு, நெம்பாத, டைல்ஸ் விண்டுடும்.

[9:03] தேவி அக்கா: எடுத்ததும் ஒட்டிடாத. 3, 4 நாள் ஃபேன் போட்டுக் காய விடு, அந்த பாத்ரூமுல குளிக்க வேண்டாம்னு அத்தைகிட்ட சொல்லிடு. ஈரத்துல பசை சரியா பிடிக்காது. சாதா மரப் பசை வேண்டாம், ரெண்டு டியூப் கலந்து ஒட்டுற எபாக்சி. புதுக்கட்டையை 5 மி.மீ. குட்டையா வெட்டு, தரையைத் தொடக் கூடாது. அடி முனைக்கு முன்னாடியே 2 கோட் எபாக்சி பூசிடு. தண்ணியை உறிஞ்சுறது அந்த முனைதான்.

[9:06] கார்த்தி: கதவு உக்காருற காடியை மெஷின்லயே எடுக்கலாமா?

[9:10] செல்வம் மாமா: எடுக்கலாம். ரெண்டு கோட்டுலயும் அறுத்துட்டு உள்மூலையை உளியால சுத்தம் பண்ணு. பழைய காடியை விட அரை மி.மீ. ஆழம் கம்மியா விடு, ஒட்டினப்புறம் சேர்த்து இழைச்சா மட்டம் வரும். 3 இஞ்சு துருப்பிடிக்காத ஸ்க்ரூ 2, சாய்ச்சு. ஓட்டை போடாம முடுக்கினா தேக்கு பிளக்கும்.

[9:15] முருகேசன் சித்தப்பா: தேய்க்க மெஷின்ல முக்கோணத் தகட்டை மாட்டி 80 நம்பர் உப்புத்தாள் பேப்பர், அப்புறம் 120. வேகம் 2, 3 போதும். வேகமா வச்சு அழுத்தினா சூட்டுல தகட்டுல பேப்பரைப் பிடிக்கிற முள் உருகி பேப்பர் நிக்காது. மாஸ்க் போடு, தேக்குத் தூள் தொண்டையை அறுக்கும்.

[9:18] தேவி அக்கா: கடைசியா கீழ விட்ட 5 மி.மீ. சந்துக்கு சிலிக்கான், 24 மணி நேரம் தண்ணி படக் கூடாது.

[9:20] செல்வம் மாமா: அறுத்ததும் வெட்டு முகத்தை கிட்ட வச்சு போட்டோ அனுப்பு. நடுவுல கறுப்புப் புள்ளி தெரிஞ்சா இன்னும் 1 இஞ்சு மேல போகணும். அதைப் பாத்துட்டு கட்டை அளவு சொல்றேன்.