3-9×40 ஏஓவா, 4-16×44 எஃப்எஃப்பியா? ஸ்கோப் பேர் குழப்பம்

கேள்வி:
அண்ணன்மாரே, ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வெச்சிருக்கேன். தோட்டத்துல 25 மீட்டர்ல அட்டை டார்கெட் மட்டும்தான். கடைக்காரர் "பெரிய நம்பரா எடுங்க"ங்கிறார். குறி பார்க்க மேல மாட்டுற ஸ்கோப் 3-9×40 ஏஓ போதுமா, இல்ல 4-16×44 எஃப்எஃப்பி எடுக்கலாமா?

பதில்:
தம்பி, அவர் சரக்கைத் தள்ளப் பார்க்கிறார். 3-9 உருப்பெருக்கம், 40 முன் லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. 40ஐ 9ஆல வகுத்தா 4.4 மி.மீ., கண்ணுக்கு வர்ற ஒளிவட்டம். 44ஐ 16ஆல வகுத்தா 2.75தான், சாயங்காலம் மங்கலாத்தான் தெரியும். உங்களுக்கு முக்கியம் அந்த ஏஓ, அதாவது முன் லென்ஸைச் சரிபண்ற வசதி. முன் வளையத்தைத் திருகி பாரலாக்ஸை (கண் நகர்ந்தா குறி நகர்ற மாதிரி தெரியற கோளாறு) 25 மீட்டருக்குச் சரிபண்ணலாம். அது இல்லாத வேட்டை ஸ்கோப் பெரும்பாலும் 100 கஜத்துக்கு செட் பண்ணது; கிட்டத்துல, தலை லேசா அசைஞ்சாலே குறுக்குக்கோடு டார்கெட் மேல நகரும். எஃப்எஃப்பினா ஜூம் பண்ணும்போது கோடும் சேர்ந்து பெருக்கும். ஒரே தூரத்துல சுடுறவருக்கு அது தண்டச் செலவு.

இன்னொரு பதில்:
ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலயும் உதைக்கும், முன்னாலயும் உதைக்கும். அதைத் தாங்கும்னு பெட்டியில போட்டிருக்கானு பாருங்க. மாடல் பேர்ல அது இருக்காது. குழாய் 1 இஞ்சா, 30 மி.மீ.யானு பார்த்துட்டு அதைப் பிடிக்கிற ரிங் வாங்குங்க.

கேட்டவர்:
நன்றிண்ணே. ஸ்கோப்ல குறியைச் சரிபண்ற திருகுல "1/4 எம்ஓஏ"னு இருக்கே?

பதில்:
எம்ஓஏ ஒரு கோண அளவு, பாகையில 60ல ஒண்ணு. திருகை ஒரு கிளிக் திருப்பினா குறி 100 மீட்டர்ல 7 மி.மீ. சொச்சம் நகரும். உங்க 25ல 2 மி.மீ.கூட வராது.