அடியந்திரத்தன்று வந்த புரோநோட்டு

தக்கலைக்காரன்:
அப்பா இறந்த பதினாறாம் நாள் அடியந்திரம், அதாவது சடங்கும் பந்தியும். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருப்பது எங்களுக்குத் தெரியும். கைக்கடன் இருந்தது தெரியாது. பந்திக்கு அழைத்தபோது, அப்பாவோடு ரப்பர் ஷீட் வியாபாரம் செய்த பெரியவர் எழுந்திருக்கவில்லை. "கணக்கு தீராத வீட்டில் கை நனைக்க மாட்டேன், மக்களே" என்று சொல்லி, நான்காக மடித்த புரோநோட்டை என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு லட்சம், ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி, கையெழுத்து அப்பாவுடையதுதான். வங்கிக் கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்டபின் அவருக்கும் அசலைக் கொடுத்துவிட்டோம். ஆனாலும் போட்ட இலை அப்படியே கிடந்தது இன்னும் உறுத்துகிறது.

குழித்துறை மருமகள்:
மேலே எழுதியவர் அவசரப்பட்டுவிட்டார். புரோநோட்டுக்குக் காலவரம்பு மூன்றாண்டு. அதற்குள் வட்டியோ அசலில் ஒரு பகுதியோ கட்டி, கடன்பட்டவர் கையெழுத்துடன் வரவு வைத்திருந்தால் அது நீளும். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா? மேலும், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் கடனுக்குப் பொறுப்பு. உங்கள் சம்பளத்தைத் தொட வேண்டியதில்லை. வில்லங்கச் சான்றில் கைக்கடன் வராது என்பதால், யார் எந்தத் தாளைக் கொண்டுவந்தாலும் முதலில் நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் சிக்கல் ஒற்றி, அதாவது கடன் கொடுத்தவர் நிலத்தை அனுபவிக்க விட்டு வைக்கும் அடமானம். மாமனாரின் பாட்டா (தாத்தா) 12 சென்ட் விளையை (தோட்ட நிலத்தை) ஒற்றி வைத்த ஆவணம், குமரி தமிழகத்தோடு இணைந்த 1956க்கு முந்தையது என்பதால், மலையாளத்தில் இருந்தது. பழைய ஆவண எழுத்தர் ஒருவர் அதை வாசித்து, ஒற்றித் தொகை "நூறு பணம்" (பணம் என்பது அந்தக் காலச் சிறு நாணயம்) என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. முப்பது ஆண்டு கடந்துவிட்டதால் மீட்க முடியாது என்கிறார்கள் இப்போது நிலத்தை அனுபவித்து வருபவர்கள். அனுபவ ஒற்றியில் அந்தக் கெடு ஒற்றி வைத்த நாளிலிருந்து ஓடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நம்பி வழக்குப் போட்டிருக்கிறோம்.

தக்கலைக்காரன்:
திருப்பிப் பார்த்தேன், அம்மா. வெறும் தாள்தான். தெரிந்தேதான் கொடுத்தேன்.

கருங்கல் தம்பி:
எங்கள் அப்பா உயில் எழுதவில்லை. வங்கிக் கடனைப் பிள்ளைகள் மூவரும் பகிர்வது என்றும், ஸ்திரீதனம் (கல்யாணச் சீதனம்) வாங்கிய அக்கா விளையில் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருவது என்றும் பெரியப்பா முடிவு செய்தார். திருவிதாங்கூர் கிறிஸ்தவர்களின் பழைய வாரிசுச் சட்டத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான். அந்தச் சட்டம் எப்போதோ நீங்கிவிட்டதென்று உச்ச நீதிமன்றம் 1986இல் சொன்னது பெரியப்பாவை இன்னும் எட்டவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "கடனில் மட்டும் நான் மகளா?" என்று கேட்டாள். நாங்கள் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அன்று பத்திரம் பதியாமலேயே திரும்பினோம், தவணை ஓடிக்கொண்டிருக்கிறது.