நிலாப் பாட்டுக்குக் கைவேலை: மூன்றரை வயதுக்கு எது சரிப்படும்?

ஆழாக்கு
மகளுக்கு மூன்றரை வயது. நாள் முழுக்க நிலாப் பாட்டுதான். அதை வைத்து ஏதாவது செய்யலாமே என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். பிறை வரைந்து, அட்டையை வெட்டி, பசை தடவி, பஞ்சு ஒட்டி முடித்துப் பார்த்தால் முக்கால்வாசி வேலை நான் செய்ததுதான். அவள் ஒட்டியது நான்கு பஞ்சு. அதில் இரண்டு அவள் முழங்கையில். பசை பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடியதுதான் அவளுக்குப் பிடித்தது. சுவரில் மாட்டினேன், ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். வேறு எப்படிச் செய்வது? பெரிய ஏற்பாடு இல்லாமல் இருந்தால் நல்லது.

இரட்டைவால்
எங்கள் வீட்டில் இரண்டு பேர். படத்தை வரைந்து கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்லிவிடுவேன். ஒட்டுகிற வேலையே வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன், பறவைக்கும் பொம்மைக்கும் கண் வைக்க மணி, பொத்தான் எதையும் கொடுக்காதீர்கள். நேராக வாய்க்குத்தான் போகும்.

கத்தரி டீச்சர்
22 வருடம் மழலையர் வகுப்பில் இருந்தவள் நான். நானும் முதல் சில வருடம் பஞ்சு நிலாதான் ஒட்டினேன் கண்ணு, அதனால் வருத்தப்படாதே. அப்புறம் ஒரு பையன் கேட்டான், "டீச்சர், இது ஏன் ஓடி வரலை?"

அன்றைக்கு மாற்றிக்கொண்டேன். பாட்டில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பேன். நிலா ஓடி வர வேண்டும், மலை ஏற வேண்டும். அதைச் செய்கிற நிலாவைச் செய்து கொடு.

உள்ளங்கை அளவு கெட்டி அட்டையில் பிறை வெட்டிக்கொள். அது உன் வேலை. வெள்ளித்தாளைக் கிழித்து ஒட்டுவது அவள் வேலை. இந்த வயதுக் கைக்கு வெட்டுவதைவிடக் கிழிப்பது நன்றாக வரும், கோணல்மாணலாக இருந்தால் இன்னும் மின்னும். பசையைப் பாட்டிலோடு கொடுக்காதே, ஒரு மூடியில் கொஞ்சம் ஊற்றி வை. திறந்து மூட அவளுக்குக் காலி பாட்டில் ஒன்று கொடுத்துவிடு, அதுவும் ஒரு வேலைதானே.

இப்போது பின்பக்கம். 4 செ.மீ. நீளத்துக்கு இரண்டு ஸ்ட்ரா துண்டு. கூரை மாதிரி ஒட்ட வேண்டும்: மேல் முனைகள் நெருங்கி, கீழ் முனைகள் விலகி. 2 மீட்டர் பருத்தி நூலை நடுவில் மடித்து, மடிப்பை ஓர் ஆணியில் முடிச்சுப் போட்டுக் கட்டு. இரண்டு முனையையும் ஆளுக்கொரு ஸ்ட்ராவுக்குள் மேலிருந்து கீழே விட்டு, நுனியில் முடிச்சிடு. இடது, வலது என்று மாற்றி மாற்றி இழுத்தால் நிலா மேலே ஏறும். இழுக்கும் பக்கத்து நூல் இறுகி ஸ்ட்ராவைப் பிடித்துக்கொள்ளும், தளர்ந்த பக்கம் நழுவி மேலே போகும். இரண்டையும் தளர்த்தினால் ஓடி வந்துவிடும். வழுக்கும் நைலான் நூல் வேண்டாம். விளையாடி முடித்ததும் நூலைக் கழற்றி எடுத்து வைத்துவிடு, கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

காக்காவிடம் மை கேட்கும் பாட்டுக்கு, அட்டைக் காக்காவின் தலைக்குப் பின்னால் ஒரு துணி கிளிப்பை ஒட்டு. கிளிப்பின் வாய்தான் அலகு. காகிதப் பூ, கிண்ணம் எல்லாவற்றையும் கவ்விக் 'கொண்டு' வரும். அழுத்தித் திறந்து பழகினால் பின்னால் பென்சில் பிடிக்க விரல் வலுவாகும். சாய்ந்தாடும் பாட்டுக்குக் காகிதத் தட்டைப் பாதியாக மடித்து, வளைந்த விளிம்பு கீழே வரும்படி லேசாக விரித்து நிறுத்தினாலே போதும். கிளியின் தலையை ஒட்டித் தொட்டுவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும்.

இரட்டைவால்
டீச்சர், நம் ஹம்ப்டி டம்ப்டிக்கு? விழுகிறவனாச்சே.

கத்தரி டீச்சர்
அந்தப் பாட்டில் முட்டை என்ற சொல்லே கிடையாது தம்பி, தெரியுமா? படத்தில்தான் முட்டையாகப் போடுகிறார்கள். அதனால் பாதி பிளாஸ்டிக் பந்து போதும். உள்ளே அடியில் களிமண்ணை அப்பி, மேலே குட்டையாக ஒரு காகிதக் கூம்பு. தள்ளினால் எழுந்துவிடுவான். கூம்பு உயரமாகப் போனால் சாய்ந்தே கிடப்பான்.

ஆழாக்கு
நேற்று செய்தோம். முதலில் நிலா ஏறவே இல்லை, ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டு நின்றது. பார்த்தால் ஸ்ட்ரா இரண்டையும் நேராக ஒட்டியிருக்கிறேன். பிய்த்துச் சாய்த்து ஒட்டியதும் ஏறிவிட்டது. ஆனால் பசை காய்ந்ததும் ஸ்ட்ரா கழன்றுவிடுகிறது, அதற்கு என்ன வழி டீச்சர்? ஏற்றுவதெல்லாம் நான்தான், நூலை விடுவது மட்டும் அவள். இதுவரை நாற்பது தடவையாவது ஓடி வந்திருக்கும். காக்கா என் டைரியைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

கத்தரி டீச்சர்
பிளாஸ்டிக்கில் அந்த வெள்ளைப் பசை நிற்காது. ஸ்ட்ராவுக்குக் குறுக்கே செல்லோடேப் போட்டு அழுத்திவிடு. டைரியை நீயே போய் எடுத்துக்கொள்.