மலை உச்சியில் கட்டிய தீம் பார்க்குகள் ஏன் இப்படிப் பாழடைந்து கிடக்கின்றன?

பனிமூட்டம்:
இலை நிறம் மாறுவதைப் பார்க்க அமெரிக்காவில் வட கரோலினாவின் மேகி வேலி பக்கம் போயிருந்தோம். சாலையோரம் ஆளில்லாத பெரிய கார் பார்க்கிங், அங்கிருந்து மலைமேல் ஏறிப் போகும் கம்பியும் தூண்களும். விசாரித்தால் மேலே ஒரு கௌபாய் பார்க் இருந்ததாம், மூடிவிட்டார்களாம். அதே மாநிலத்தில் பீச் மவுண்டன் என்ற ஊரிலும் இதே மாதிரி ஒன்று உண்டு என்கிறார்கள். இவ்வளவு அழகான இடத்தில் இவ்வளவு பணத்தைக் கொட்டி ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

நீராவி எஞ்சின்:
நீங்கள் பார்த்தது 'கோஸ்ட் டவுன் இன் த ஸ்கை'. ஆர்.பி. கோபர்ன் என்பவர் 1961ல் திறந்தது. சுமார் 4,600 அடி உயரத்தில் சலூன், ஜெயில், கடைத்தெரு என்று ஒரு முழு ஊரையே கட்டி நடுத்தெருவில் துப்பாக்கிச் சண்டை நாடகம் போடுவார்கள். டிவியில் கௌபாய் தொடர்கள் கொடிகட்டிப் பறந்த காலம், கூட்டம் அள்ளியது. ஆனால் வந்தவர்கள் காரைக் கீழே விட்டுவிட்டு சேர்லிஃப்டிலோ (கம்பியில் தொங்கிப் போகும் நாற்காலிகள்) சரிவு ரயிலிலோதான் மேலே போக முடியும். அது நின்றால் கடை மூடிய மாதிரிதான். 2002ல் அப்படியே நடந்தது. ஆட்களோடு சேர்லிஃப்ட் நடுவழியில் நின்று, அவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தரத்தில் தொங்கினார்கள். அந்த வருடமே மூடல். 2007ல் திரும்பத் திறந்தார்கள், 2009ல் திவால், 2010 பிப்ரவரியில் மலைச்சரிவே பெயர்ந்து மண்ணும் சேறுமாகக் கீழே இறங்கியது. 2012ல் அலாஸ்கா பிரெஸ்லி என்ற உள்ளூர்ப் பெண்மணி எண்பது வயதைத் தாண்டிய பிறகு அதை வாங்கி, உயிர் கொடுக்கப் பார்த்தார். 2022ல் அவரும் காலமாகிவிட்டார்.

மஞ்சள் செங்கல்:
பீச் மவுண்டன் கதை வேறு. அங்கே முதலில் வந்தது பனிச்சறுக்கு விளையாடும் ஸ்கீ ரிசார்ட். பனிக்காலத்தில் காசு பார்த்த லிஃப்டும் நிலமும் கோடையில் சும்மா கிடக்கின்றனவே என்று க்ரோவர் ராபின்ஸ் என்ற தொழிலதிபர் போட்ட கணக்குதான் 'லேண்ட் ஆஃப் ஓஸ்', 'விசார்ட் ஆஃப் ஓஸ்' கதையை வைத்துக் கட்டிய பார்க். பாவம், 1970 ஜூனில் பார்க் திறப்பதற்குச் சில மாதம் முன்பே அவர் இறந்துவிட்டார். திறப்பு விழாவுக்கு நடிகை டெபி ரெனால்ட்ஸ் வந்தார், கூடவே மகள் கேரி ஃபிஷர், அப்போது அவர் சின்னப் பெண்.

அதை வடிவமைத்த ஜாக் பென்டெஸின் மூளையை மெச்ச வேண்டும். அந்தக் கதையின் நாயகி டோரத்தியின் வீட்டுக்குள் போவீர்கள், புயல் வருகிறது என்று நிலவறைக்கு இறக்குவார்கள், இருட்டு, காற்று, இரைச்சல். வேறு வாசலில் ஏறி வந்தால் அதே வீடு, அதே சாமான்கள், ஆனால் எல்லாம் கோணலாகச் சாய்ந்து நிற்கும். அது பக்கத்திலேயே கட்டிய இரண்டாவது வீடு! மோட்டாரும் கிடையாது கம்ப்யூட்டரும் கிடையாது. வெளியே வந்தால் கதையில் வருகிற மஞ்சள் செங்கல் பாதை. 1975 கடைசியில் தீப்பிடித்தது, அதோடு திருட்டும் சேர்ந்துகொண்டது. 1980 சீசனோடு மூடிவிட்டார்கள்.

தண்டவாளம்:
மலையின் மேல் பழி போடாதீர்கள் :) இதே ராபின்ஸ் குடும்பம் 1957ல் தொடங்கிய 'ட்வீட்சி ரெயில்ரோட்' என்ற நீராவி ரயில் பார்க் பக்கத்திலேயே ப்ளோயிங் ராக் அருகில் இன்றும் ஓடுகிறது. டென்னசியில் அவர்கள் தொடங்கிய 'ரெபெல் ரெயில்ரோட்' பல கை மாறி 1986ல் 'டாலிவுட்' தீம் பார்க் ஆனது, அங்கே கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். இரண்டும் மலைநாடுதான், ஆனால் காரை வாசலிலேயே நிறுத்தலாம்.

என் கணிப்பு என்னவென்றால், மலைப் பார்க்குகள் பெரும்பாலும் வேறு ஏதோ வியாபாரத்துக்கு வால் பிடித்து வந்தவை. அந்தக் காலத்தில் டிராம் கம்பெனிகளே தங்கள் லைன் முடியும் இடத்தில் பார்க் கட்டின, ஞாயிற்றுக்கிழமையும் வண்டி நிறைய வேண்டும் என்பதற்காக. மாசசூசெட்ஸ் ஹோலியோக்கில் 'மவுண்டன் பார்க்' அப்படி வந்ததுதான்.

நீராவி எஞ்சின்:
@தண்டவாளம் உங்கள் கணக்கு ஹோலியோக்கிலேயே இடிக்கிறதே? டிராம் போய் எத்தனையோ வருடம் கழித்து 1987 வரை அந்தப் பார்க் ஓடியது.

தண்டவாளம்:
ஓடியது, காரில் வருகிறவர்களை நம்பி. மலையடிவாரத்தில் இருந்ததால் அப்படி ஓட முடிந்தது. மூடியபோது அதன் 1929ம் வருட மரக்குதிரை ராட்டினத்தை வெளியூருக்கு விற்காமல் ஊர்க்காரர்களே பணம் திரட்டி வாங்கினார்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட. 1993லிருந்து நகர மையத்தில் சுற்றுகிறது. கோஸ்ட் டவுனில் அப்படி எதையும் எளிதில் கழற்றிக் கீழே கொண்டுவர முடியாதே.

பனிமூட்டம்:
எல்லோருக்கும் நன்றி. ஓஸ் உள்ளே இப்போது போக முடியுமா? என் மகள் விட மாட்டேன் என்கிறாள்.

மஞ்சள் செங்கல்:
முடியும், ஆனால் நினைத்தபோது முடியாது. செப்டம்பரில் 'ஆட்டம் அட் ஓஸ்' (Autumn at Oz) என்று இலையுதிர்கால விழா நடத்துகிறார்கள். டிக்கெட் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், வேடம் போட்டுக்கொண்டு வருகிற கூட்டம் அதிகம். அந்த ஸ்கீ ரிசார்ட் கோடையில் லிஃப்டில் சைக்கிளை ஏற்றிவிடுகிறது, ராபின்ஸ் இருந்திருந்தால் இது நமக்குத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அப்புறம், கோஸ்ட் டவுன் பக்கம் வேலி தாண்டி ஏறிப் பார்க்கலாம் என்று யாராவது யூடியூபில் சொன்னால் கேட்காதீர்கள், அது தனியார் நிலம்.