சேலத்து வெயிலிலும் வைட்டமின் டி குறையுமா?

குகை நர்சிங் பொண்ணு:
பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். இடுப்பு வலி, படி ஏறினால் தொடை இழுக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்த என் ரூம்மேட்டுக்கு ரத்தம் பார்த்தார்கள். வைட்டமின் டி ஒரு மில்லிக்கு 11 நானோகிராம். இருபதுக்குக் கீழே போனாலே குறைபாடு என்றுதான் எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். வார்டன் சொன்ன வைத்தியம், "காலையில ஆறரைக்கு மொட்டை மாடியில நில்லுங்க." ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி போஸ்டிங் பஸ் கிளம்பிவிடும். மதியம் வரை வார்டு, அப்புறம் சாயங்காலம் வரை வகுப்பு. தப்பு எங்கள் மேலா, டைம்டேபிள் மேலா?

அஸ்தம்பட்டி அண்ணன்:
உங்க மேலதான், கோவிச்சுக்காதீங்க. ஐந்து ரோடு சிக்னலில் நின்று பாருங்க. ஸ்கூட்டியில் போகிற பிள்ளைகள் கண் மட்டும் தெரியத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, முழங்கை வரை கிளவுஸ் மாட்டியிருப்பார்கள். கறுத்துடுமாம். மரவள்ளிக் காட்டில் களை எடுத்த எங்க அம்மா எந்த மாத்திரை போட்டாங்க?

வார்டு டூட்டி:
உங்க அம்மா களை எடுத்தது உச்சி வெயிலில், அண்ணா. அதுதான் விஷயமே. தோலில் வைட்டமின் டி உருவாகப் புற ஊதா பி கதிர் வேண்டும். சூரியன் சாய்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் அதில் பெரும்பகுதி வானத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். நம்ம நிழல் நம்மைவிடக் குட்டையாக விழுகிற நேரம்தான் கணக்கு. அந்த நேரம் முழுக்க இந்தப் பிள்ளைகள் ட்யூப்லைட்டுக்கு அடியில் நிற்கிறார்கள். லைப்ரரியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலும் பிரயோஜனம் இல்லை. கண்ணாடி வெளிச்சத்தை விடும், அந்தக் கதிரை விடாது, வியர்வைதான் மிச்சம். நம்ம நிறத்துக்கு வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் நேரம் வேறு நிற்க வேண்டும். ஆறரைக்கு மாடிக்குப் போனால் துணி காயப்போட்டுவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

அஸ்தம்பட்டி அண்ணன்:
சரி, வெயில் வேண்டாம். முட்டை சாப்பிடட்டும்.

குகை நர்சிங் பொண்ணு:
ஒரு முட்டையில் ஏறத்தாழ 40 யூனிட் வைட்டமின் டி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் சொன்ன அளவு ஒரு நாளைக்கு 600. அப்படியென்றால் பதினைந்து முட்டை! எங்க மெஸ்ஸில் புதன்கிழமை ஒன்று போடுவார்கள், லேட்டாகப் போனால் குழம்பு மட்டும்தான்.

சூரமங்கலம் லேப்:
ரத்தம் எடுக்கிற ஆள் நான், என் வருத்தம் வேறு. ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து ஹாஸ்டலே வரிசையில் வந்து நிற்கும். அமெரிக்காவின் ஹார்மோன் மருத்துவர்கள் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 2011இல் 30க்கு மேல் இருக்க வேண்டும் என்றது. 2024இல் அந்த வரம்பையே கைவிட்டு, நலமாக இருக்கிற வயது வந்தவர்களுக்கு வழக்கமான பரிசோதனை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 25,000 பேருக்கு மேல் சேர்ந்த 'வைட்டல்' என்ற ஆய்வில், தினமும் 2,000 யூனிட் டி கொடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை.

வார்டு டூட்டி:
அதில் இருந்தவர்கள் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், பெரும்பாலோருக்கு டி ஏற்கனவே போதுமான அளவில் இருந்தது. வலியோடு 11இல் நிற்கிற இருபது வயதுப் பெண்ணுக்கு அதைக் கொண்டுவந்து பொருத்தாதீங்க சார்.

சூரமங்கலம் லேப்:
அந்தப் பெண்ணைச் சொல்லவில்லை மேடம். ஒரு வலியும் இல்லாமல் 'டெஸ்ட் பேக்கேஜ்' என்று வருகிறவர்களைச் சொல்கிறேன். வாரம் ஒன்று போட வேண்டிய 60,000 யூனிட் மாத்திரையை மெடிக்கலில் தாங்களாகவே வாங்கித் தினமும் போடுகிறார்கள். டி மிஞ்சிப்போய் ரத்தத்தில் கால்சியம் ஏறினால் கிட்னிக்குத்தான் வினை.

ஏற்காடு காபி:
எல்லாரும் மேலே வந்துடுங்க. 1,500 மீட்டர் உயரம், புற ஊதாவும் கூடுதல்.

அஸ்தம்பட்டி அண்ணன்:
மேலே வந்தால் ஸ்வெட்டர், குல்லா. அங்கேயும் கண் மட்டும்தான் தெரியும்.

குகை நர்சிங் பொண்ணு:
மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோட்டைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் வெளியே இருக்க அனுமதி கேட்டு, பிரின்சிபால் மேடத்துக்கு எழுதிக் கொடுக்கப் போகிறோம். அப்புறம் அண்ணா, கிளவுஸைக் கழற்றச் சொல்றீங்க. பொண்ணு பார்க்க வருகிறவர்கள் நிறம் கம்மி என்று சொன்னால், நீங்க வந்து பேசுவீங்களா?

அஸ்தம்பட்டி அண்ணன்:
அந்தப் பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடாதீங்க சாமி.